பொடிசு பார்த்த நாற்பத்தொரு தொட்டி

என் தங்கை போராடி வாங்கியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் அதற்குள் எனக்கு அலுத்துவிடும்.

முப்பத்தேழு வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதில் வலது முழங்காலில் இரண்டு தழும்பு, இடது முழங்கையில் ஒன்று. வண்ணமீன் கடையில் தரை துடைக்கப் போனவள், ஏழாவது வருடம் அதே கடையின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். வீடு வீடாகப் போய் மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலையை, அவளுக்கு முன்னால் படித்தவர்கள் மூன்று பேர் "முதுகு போச்சு" என்று விட்டுவிட்டு ஓடிய வேலையை, ஒற்றை ஆளாக எடுத்து நாற்பத்தொரு வீடு வரை கொண்டுவந்தாள். வால் வளைந்திருக்கிறது என்று யாரும் வாங்காத ஒரு தங்கமீனை எங்கள் வீட்டில் பதினோரு வருடம் வாழவைத்தாள். என் மனைவியின் வாயிலிருந்து ஒருமுறை "பரவாயில்லை" என்ற சொல்லை வாங்கினாள். இந்தப் பட்டியலிலேயே கடினமானது அதுதான்.

அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது ஒரு முழம்கூட இல்லை என்பார்கள். நாற்பது தாண்டியும் என் தோளைத் தாண்டவில்லை, அதனால் பெயர் நின்றுவிட்டது. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. நான்கு எழுத்து. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை நான் அளவுக்கு மேல் எழுதியாகிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

பொடிசுக்கு எல்லாமே இடது கை. இரண்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார் அவளுடைய தலை ரிப்பனை அவிழ்த்து, அதைக்கொண்டே அவள் இடது கையைப் பெஞ்சுக் காலோடு கட்டிப்போட்டார். வலது கையில் பென்சிலைக் கொடுத்தார். அவள் எழுதவில்லை. அடித்தார். எழுதவில்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தண்ணீர் குடிக்கப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டில் போய்ச் சொன்னேன். "நல்லதுக்குத்தான் செய்வார்" என்றார் அப்பா. மூன்றாம் வகுப்போடு பொடிசு நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு யாராவது பேனாவை நீட்டினால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வாள். "எனக்கு எழுத வராது" என்பாள். அவ்வளவுதான். நான் எட்டாவது வரை போனேன். எங்கள் வீட்டில் அது பெரிய படிப்பு.

எனக்குப் பஸ் டிப்போவில் உதிரிப்பாக ஸ்டோரில் வேலை கிடைத்தது. அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கார்டு உண்டு. ஒரு நட்டு வெளியே போனாலும் கார்டில் ஏறவேண்டும். எண்ணாமல் எழுதக்கூடாது, எழுதாமல் கொடுக்கக்கூடாது. இருபத்தெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். எனக்கு வேறு சாமர்த்தியம் கிடையாது.

பொடிசு பல வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, வந்த வழியே போனது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நானும் எழுதவில்லை. என்னோடும் என் மனைவியோடும்தான் இருந்தாள். முப்பதாவது வயதில் வண்ணமீன் கடைக்குத் தரை துடைக்கப் போனாள். அடுத்த வருடம் கடைக்காரர் மூலை விரிசல் விட்ட ஒரு தொட்டியைத் தூக்கிப்போடச் சொல்ல, அதைத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"துணி மடிக்க இடமில்லாத வீட்டுல மீனுக்கு மாளிகையா?" என்றாள் என் மனைவி.

"துணியை மடிக்காம போட்டா அது ஒண்ணும் செத்துப்போகாது அண்ணி."

நான் விரிசலுக்குக் கண்ணாடி ஒட்டுகிற பசை வைத்து, வாசலில் தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று இரண்டு நாள் பார்த்தேன். ஒழுகவில்லை. ஒரு தங்கமீனும் மூன்று நத்தையும் வந்தன. மூன்று வாரத்தில் தண்ணீர் பழுப்பானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வீட்டைச் சுத்தம் செய்கிற மாதிரியே தொட்டியையும் சுத்தம் செய்தோம். கூழாங்கல்லை வெந்நீரில் போட்டோம். ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, வெள்ளையாகும் வரை பிழிந்தோம். பழைய தண்ணீரை முழுக்க ஊற்றிவிட்டுப் புதுசு நிரப்பினோம். கண்ணாடி மாதிரி இருந்தது. என் மனைவிகூடச் சந்தோஷப்பட்டாள். மூன்றாம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, சாயந்திரம் செத்துப்போனது.

பொடிசு அழவில்லை. கழுவிய ஸ்பாஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"நாம கழுவினது அழுக்கை மட்டும் இல்லண்ணா. இதுக்குள்ள ஏதோ குடியிருந்திருக்கு. மீனோட கழிவைத் தின்னுட்டுத் தண்ணியைக் காப்பாத்துற ஏதோ. அதைக் குடும்பத்தோட கொன்னுட்டோம்."

மறுநாள் கடைக்காரரிடம் கேட்டாள். ஆமாம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் என்றார் அவர். "உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டாராம். "செத்த மீன்தான்" என்றாளாம். அன்றிலிருந்து அவள் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான் பிழிவாள், அதுவும் பாதிதான். வாரத்துக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீரைத்தான் மாற்றுவாள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அதனால் முதல் நாளே பிடித்து வாளியில் திறந்துவைப்பாள். ஊற்றுவதற்கு முன் இடது மணிக்கட்டைத் தொட்டித் தண்ணீரில் ஒரு தடவை, வாளித் தண்ணீரில் ஒரு தடவை வைத்துப் பார்ப்பாள். இரண்டு சூடும் ஒன்றாக இருந்தால்தான் ஊற்றுவாள்.

பிறகு வந்ததுதான் வால் வளைந்த மீன். அதற்குப் பொடிசு தீவனத்தை ஊறவைத்துத்தான் போடுவாள். உலர்ந்ததைப் போட்டால் வயிற்றுக்குள் போய் ஊதி, மீன் தலைகீழாக மிதக்குமாம். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் போடுவாள். "தங்கமீனுக்கு வயிறு நிறைஞ்சதே தெரியாது. போடப் போட திங்கும், எங்க அண்ணன் மாதிரி" என்று விருந்தாளிகளிடம் சொல்வாள். நத்தைகளின் ஓடு வெளுத்து உதிர்ந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று கணவாய் ஓட்டை ஒரு துண்டு உடைத்து உள்ளே போடுவாள். நத்தை அசையாமல் கிடந்தால் வெளியே எடுத்து முகர்ந்து பார்ப்பாள். நாற்றம் வந்தால் செத்தது, வராவிட்டால் தூங்குகிறது. செத்த நத்தையைத் தொட்டியில் விட்டுவைத்தால் ஒரே நாளில் தண்ணீர் விஷமாகிவிடும்.

"அதே மூக்கோட வந்து என் சமையலை மோந்து பாக்காதே" என்பாள் என் மனைவி.

செத்த நத்தைகளின் ஓட்டை மட்டும் கழுவிக் காயவைத்து ஜன்னல் கட்டையில் வரிசையாக வைப்பாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "ஒவ்வொண்ணும் எதனால செத்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கணும்ல" என்றாள். எனக்குக் கார்டு. அவளுக்கு ஓடு.

கடைக்காரர் வீடுகளுக்குப் போய்த் தொட்டி பராமரிக்கிற வேலையை ஆரம்பித்து, படித்த மூன்று பேரும் போன பிறகு, பொடிசை அனுப்பினார். அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார்டு. தேதி, எவ்வளவு தண்ணீர் மாற்றியது, ஸ்பாஞ்ச், மீன் எத்தனை, நத்தை எத்தனை, குறிப்பு, கீழே கையெழுத்து. வாரம் முடிந்ததும் கார்டுகளைக் கடையில் கொடுக்கவேண்டும். வீட்டுக்காரர்கள் கேட்டால் கடையில் வந்து பார்க்கலாம்.

முதல் நாள் பொடிசு கார்டுகளை என் முன்னால் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப்போடுற? நீ சொல்லு, நான் எழுதுறேன்" என்றேன்.

அப்படியே ஆறு வருடம் போயிற்று. சாயந்திரம் நான் டிப்போவிலிருந்து வருவேன், அவள் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவாள். கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வீடாகச் சொல்வாள். எந்த வீட்டில் எந்த மீனின் செதில் தூக்கியிருக்கிறது, எந்த வீட்டு நத்தை தண்ணீரை விட்டு மேலே ஏறி மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எல்லாம் அவள் தலையில் இருந்தது. நத்தை மேலே ஏறினால் தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். மீனுக்கு முன்னால் நத்தைதான் சொல்லும் என்பாள். நான் எழுதிக் கீழே அவள் பெயரைப் போடுவேன். நான்கு எழுத்து, கடைசி எழுத்தின் வாலை நீட்டி அடியில் ஒரு கோடு. அழகாக இருக்கும். அது கள்ளக் கையெழுத்து என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தங்கைக்கு அண்ணன் செய்கிற உபகாரம் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

2017 ஜனவரியில் டிப்போவில் ஸ்டாக் எடுப்பு நடந்தது. இரண்டு ஷிப்ட்டும் நானே நின்றேன். முழங்கால் வீங்கி, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கவேண்டியிருந்தது. அந்த வாரம் சாயந்திரம் உட்கார்ந்து எழுத முடியாது என்று தெரியும். அதனால் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பிரச்சினையே இல்லாத வீடுகளின் கார்டுகளை முன்கூட்டியே எழுதிவைத்தேன். பொடிசிடம் சொல்லவில்லை. ஒன்பது வீடு; மற்றவை ஒரு வாரம் தள்ளிப்போனால் கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த ஒன்பதில் வியாழக்கிழமை போகிற வக்கீல் வீடும் ஒன்று. அங்கே ஆறு வருடமாக ஒரே மாதிரிதான். "கால்வாசி. பிழிந்தது. மீன் இரண்டு. நத்தை ஐந்து. எல்லாம் நலம்." கையெழுத்து. கோடு.

டிப்போவில் ஒரு வாஷரைக்கூடக் கண்ணால் பார்க்காமல் எழுதாதவன், என் தங்கை வேலையில் அப்படிச் செய்தேன்.

வியாழக்கிழமை ராச்சாப்பாட்டு நேரத்தில் நான் வந்தபோது பொடிசு குழாயடியில் இரண்டு நத்தை ஓட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, வக்கீல் வீட்டுல..."

"நாளைக்குச் சொல்லு பொடிசு. கால் கழண்டுபோச்சு."

அவள் சரி என்றாள். மறுநாளும் நான் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் கார்டுக் கட்டைக் கடைக்கு எடுத்துப்போனாள். அன்று சாயந்திரம் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டாள். இடுப்பில் சாவி இல்லை. கதவருகே நின்ற என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"சாவி எங்க பொடிசு?"

"வாங்கிக்கிட்டாங்க அண்ணி."

நடந்தது இது. வியாழக்கிழமை பொடிசு வக்கீல் வீட்டுக்குப் போனபோது மூன்று நத்தைகள் மூடி வரை ஏறியிருந்தன. இரண்டு கீழே கிடந்தன. முகர்ந்து பார்த்தாள், நாற்றம். தண்ணீரில் லேசாக நீலம். "ஐயா, மருந்து ஏதாவது ஊத்தினீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "நான் எதுக்கு ஊத்துறேன்?" என்றிருக்கிறார் வக்கீல். கடையில் விற்கிற மீன் மருந்துகள் சிலவற்றில் செம்பு கலந்திருக்கும். மீன் கொஞ்சம் தாங்கும், நத்தை தாங்காது. பொடிசு பாதித் தண்ணீரை மாற்றி, பிழைத்திருந்த மூன்று நத்தைகளை வேறு தண்ணீரில் வாளியில் போட்டுப் பால்கனியில் வைத்து, மேலே மூடி போட்டாள். "இனிமே எதையும் ஊத்தாதீங்கய்யா, நான் சனிக்கிழமை வந்து பாக்குறேன்" என்றாள். சனிக்கிழமை அவள் போவதற்குள் ஒரு மீன் செத்து, இன்னொன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வக்கீல் நேரே கடைக்கு வந்துவிட்டார். அவள் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றார். கடைக்காரர் கார்டை எடுத்தார். எல்லாம் நலம், நத்தை ஐந்து.

"இது உன் கையெழுத்துதானே?" என்று கேட்டாராம் கடைக்காரர்.

பொடிசு என்ன சொல்வாள்? கார்டில் என்ன இருந்தது என்றே அவளுக்குத் தெரியாது. எழுத வராது என்று சொன்னால் ஆறு வருடமும் போய்விடும், நானும் மாட்டுவேன். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"என்னண்ணா எழுதின நீ?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. ரொம்பக் களைப்பாகக் கேட்டாள்.

சொன்னேன். ஜன்னல் கட்டையில் அந்த இரண்டு ஓடும் காய்ந்துகொண்டிருந்தன. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போனேன். பொடிசும் பின்னாலேயே வந்தாள். கடைக்காரர் கனத்த மனிதர், ஸ்டூலில் உட்கார்ந்தால் ஸ்டூல் தெரியாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கார்டை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார்.

"அப்போ ஆறு வருஷமா நான் யார் கையெழுத்தைப் பாத்துட்டு இருந்தேன்?"

"என்னுதுங்க."

"கோடெல்லாம் போட்டு அமர்க்களமா இருக்கேன்னு நினைச்சேன்." பொடிசைப் பார்த்தார். "நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா அனுப்பியிருப்பீங்களா முதலாளி?"

அவர் கார்டுகளை மேஜை இழுப்பறையில் போட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு வக்கீல் வீட்டுக்கு வந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அறுபத்திரண்டு படி. நானும் கடைக்காரரும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றோம். பொடிசு மேலே போய்க் காத்திருந்தாள்.

வக்கீல் ஒற்றையாள். மகள் வெளியூரில். தங்கமீன்கள் இரண்டும் மகள் வாங்கிவைத்தவை, எட்டு வருடம் ஆகிறது. கார்டைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். "எழுத்துல என்ன இருக்கோ அதுதான் பேசும். எல்லாம் நலம்னு எழுதி கையெழுத்தும் போட்டாச்சு. அப்புறம் என்ன?"

பொடிசு அவரோடு வாதாடவில்லை. "ஐயா, பால்கனியில வாளிக்குள்ள மூணு நத்தை இருக்குமே, அதுக்கு யாராவது தண்ணி மாத்தினீங்களா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் பால்கனிக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தார். அங்கிருந்து அவர் குரல் வந்தது. "கார்டுல அஞ்சு, தொட்டில ஒண்ணுமில்ல, வாளியில மூணு. என்ன, நடந்து வந்து மூடியும் போட்டுக்கிச்சா?"

 வக்கீல் அப்போதும் மருந்து ஊற்றினேன் என்று சொல்லவில்லை. பொடிசு அதற்குள் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியில் சாய்ந்துகிடந்த மீனை இடது உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். செவுள் மெதுவாக அசைந்தது.

"பொடிசு, இப்போ நீ வேலையில இல்ல. கார்டு விஷயம் முடியலை" என்றார் கடைக்காரர்.

"மீனுக்கு அது தெரியுமா முதலாளி?"

அன்றிலிருந்து பத்து நாள் அவளோடு நானும் போனேன். டிப்போ முடிந்து, நேரே அந்த அறுபத்திரண்டு படி. ஆறு வருடம் அவள் வேலையை எழுதியிருக்கிறேன், பார்த்ததில்லை. முதல் நாளே கூழாங்கல் முழுக்க எடுத்து வெளியே போட்டாள், மருந்து கல்லில் தங்கும் என்று. மருந்தை உறிஞ்ச ஃபில்டரில் கரித்துண்டுப் பை வைத்தாள். தினம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை ரப்பர் குழாயால் இறக்கினாள். நான் கழிவுத் தண்ணீர் வாளியைக் குளியலறைக்குச் சுமந்தேன், ஆறவைத்த தண்ணீரைப் பால்கனியிலிருந்து சுமந்தேன். நான் நின்றால் அவள் திரும்பாமலே, "வாளி இன்னும் நடக்கலையே" என்பாள். நாலு வாளிக்கு என் தோள் கழன்றது. அவளுக்கு ஒரு நாளைக்கு ஏழு வீடு. அவள் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருப்பதை நான் சோப்பினால் என்று நினைத்திருந்தேன்.

நான்காம் நாள் மீன் நிமிர்ந்தது. நீந்தவில்லை, ஆனால் நிமிர்ந்து நின்றது. வக்கீல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் என் கையிலிருந்து ஒரு வாளியை அவரே வாங்கினார். குளியலறை வரை தூக்கிப்போய்க் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"கன்னத்துல வெள்ளை வெள்ளையா புள்ளி வந்துச்சு. என் பொண்ணு போன்ல பாத்துட்டு, என்னப்பா இது நோயான்னு கேட்டா. மருந்து ஒரு மூடின்னு போட்டிருந்தது. ரெண்டு மூடி ஊத்தினேன். புள்ளி போகலை. வெள்ளிக்கிழமை மறுபடியும் ஊத்தினேன்."

பொடிசு குழாயைப் பிடித்தபடியே திரும்பினாள். "ஐயா, அது நோயே இல்லை. ஆம்பளை மீனுக்குப் பருவம் வந்தா செவுள் மூடியில அப்படிப் புள்ளி வரும். மீசை முளைக்கிற மாதிரி. தானா போயிடும்."

வக்கீல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "மீசையா?" என்றார். பிறகு, "அப்போ ஒண்ணும் ஊத்தாம இருந்திருந்தா?"

"ரெண்டும் இருந்திருக்கும்."

"என் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்றது? கோர்ட்டுல யாருக்கும் பயந்ததில்லம்மா நான். அவளுக்குப் பயந்துதான் உன்மேல போட்டேன்."

பொடிசு குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, "என்கிட்ட கேட்டிருக்கலாம்ய்யா, வியாழக்கிழமையே" என்றாள்.   அன்றைக்கே வக்கீல் கடைக்காரருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னார்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கடைக்காரர் நியாயமானவர், அதுதான் சிக்கல். பிப்ரவரி இரண்டாம் தேதி எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்.

"மீன் விஷயத்துல உன்மேல தப்பில்லை. ஆனா கார்டு பொய். இனிமே அந்தந்த வீட்டிலேயே, வேலை முடிச்ச கையோட, நீ கையெழுத்துப் போடணும். அண்ணன் இல்ல, நீ. எண்ணிக்கையைக் கோடு கிழிச்சாவது காட்டு, நான் புரிஞ்சுக்குவேன். பேரு மட்டும் உன் கையால இருக்கணும். ரெண்டு வாரம் தர்றேன். பதினாறாம் தேதி வக்கீல் வீட்டுக் கார்டுல உன் கையெழுத்து இருந்தா சாவி உனக்கு. இல்லேன்னா தரை துடைக்கிற வேலை இருக்கு, அது எப்பவும் இருக்கும்."

"எனக்கு எழுத வராது முதலாளி."

"அதுவரைக்கும் நாற்பத்தொரு வீட்டுக்கும் நானே போறேன்" என்றார். எழுந்திருக்கவே அவருக்கு என் மனைவி கை கொடுக்கவேண்டியிருந்தது.

நான் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, முதல் வரியில் அவள் பெயரை அழகாக எழுதி, கீழே புள்ளிகளால் எழுதி, "இதுமேலயே போ" என்றேன். பொடிசு வலது கையில் பேனாவை வாங்கினாள். கை அசையவில்லை. நாற்பத்து மூன்று வயதில், எங்கள் வீட்டுத் தரையில், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள். நான்கு நாள் இப்படி. ஐந்தாம் நாள் நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"தரையே துடைக்கிறேண்ணா. பழகின வேலைதானே."

அப்போது துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, நீங்க எந்தக் கையில பேனாவைக் கொடுக்குறீங்க?"

நான் பார்த்தேன்.

"நத்தையைத் தூக்குறது அந்தக் கை, மீனைப் பிடிக்கிறது அந்தக் கை, காய் நறுக்குறது அந்தக் கை, என்னை அடிக்க ஓங்குறதும் அந்தக் கைதான். எழுதுறதுக்கு மட்டும் அது ஆகாதா? இங்க யாரு கட்டிப்போட வர்றா?"

வாத்தியாரைத்தான் இத்தனை வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்த கையிலேயே நானும் பேனாவைக் கொடுத்திருக்கிறேன்.

 பொடிசு நோட்டை எடுக்கவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் சாயந்திரம் எங்கள் தொட்டிக்குத் தீவனம் போடப் போனபோது, பக்கவாட்டுக் கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருந்த பச்சைப் பாசியில் விரலால் ஏதோ கிழித்திருந்தது. முதல் எழுத்து. பக்கத்தில் இரண்டாவது, அரைகுறையாக. வழக்கமாக வாரத்துக்கு ஒரு தடவை துடைக்கிற பாசியை அவள் அந்தப் பக்கம் மட்டும் துடைக்காமல் விட்டிருந்தாள். தண்ணீருக்குள் முழங்கை வரை இடது கையை விட்டு, யாரும் இல்லாதபோது எழுதியிருக்கிறாள். அங்கே அந்தக் கை யாருக்கும் பயப்படவில்லை.

நான் பார்க்காத மாதிரி இருந்தேன். தினம் கொஞ்சம் மாறியது. ஒரு நாள் உள்ளேயிருந்து அவள் கத்தினாள். "அண்ணி! உங்க வீட்டு நத்தை என் மூணாவது எழுத்தைத் தின்னுடுச்சு!"

"வளைவு சரியா இருந்திருக்காது. அதான் திருத்தியிருக்கு."

"நீங்க வந்து பாருங்களேன்."

என் மனைவி போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தாள். "பரவாயில்லை" என்றாள்.

பதினாறாம் தேதி நான் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வாளி தூக்கப் போனேன். கடைக்காரர் வரவில்லை. இரண்டு வாரத்தில் அவர் முதுகு பிடித்துக்கொண்டது. வக்கீல் கதவைத் திறந்தார். மீன் தொட்டியின் முன்பக்கம் வந்து பொடிசைப் பார்த்து வாயைத் திறந்தது. அதன் செவுளில் புள்ளி இல்லை. பொடிசு வேலையை வழக்கம் போலச் செய்தாள், கால்வாசித் தண்ணீர், பாதி பிழிந்த ஸ்பாஞ்ச். கடைசியாகப் பால்கனி வாளியிலிருந்து ஒரே ஒரு நத்தையை எடுத்துத் தொட்டியின் அடியில் வைத்தாள்.

"மூணையும் போட்டுடலாமே" என்றார் வக்கீல்.

"ஒண்ணைக் கேட்டுட்டுப் போடலாம்ய்யா. தண்ணி சரியாயிடுச்சுன்னு நாம சொல்லக்கூடாது, அதுதான் சொல்லணும். பிடிக்கலைன்னா உடனே எடுத்துடுவேன்."

நாங்கள் மூன்று பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்தோம். நத்தை ஓட்டின் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. எனக்குக் கண் சொருகியது. பிறகு ஓட்டின் வாய் மெல்லத் திறந்து, ஒரு கொம்பு வெளியே வந்தது, பிறகு இன்னொன்று. நத்தை மேலே ஏறவில்லை. தரையிலேயே, கண்ணாடி ஓரமாக, சாவகாசமாக நடந்து போனது. பொடிசு மற்ற இரண்டையும் எடுத்து உள்ளே விட்டாள்.

நான் சட்டைப் பையிலிருந்து கார்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் இரண்டு கையும் மடிக்குப் போயின. பிறகு இடது கை மட்டும் வந்தது.

"அண்ணா, நீ அந்தப் பக்கம் பாரு."

நான் திரும்பி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா நகர்கிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. நான்கு எழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று ஒருவரும் சொல்லவில்லை. கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். மீனுக்கு ஒரு கோடு, நத்தைக்கு மூன்று வட்டம். கீழே நான்கு எழுத்தும் சாய்ந்து, ஒன்றின் தோளில் ஒன்று கை போட்ட மாதிரி இருந்தன. அடியில் கோடு போடவில்லை.

தேதி போடுகிற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். "அது மட்டும் நீயே போட்டுக்கோ, கை வலிக்குது" என்றாள். போட்டேன்: வியாழக்கிழமை, 2017 பிப்ரவரி 16.